ஆமைச் சாணத்துக்கு ஒரு மாமனார்

கொன்ஸாக் லாபிஷுக்கு இந்த உலகத்தில் பிடிக்காதது எது எது என்று கணக்கெடுக்க உட்கார்ந்தால் நமக்கு ஆயுசு போதாது. பிடித்தது எது என்று கேட்டால் சட்டென்று முடிந்துவிடும்: சோப்பு. கொஞ்சம் தாராளமாக இருக்கும் நாட்களில் வெயிலையும் சேர்த்துக்கொள்வார். மற்றதெல்லாம் அவருக்கு "சீ"தான்.

மாஹே தீவின் பெரிய கடற்கரை ஹோட்டல் ஒன்றில் சலவைக்கூடத்துக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தலையணை உறையை மூக்கருகே கொண்டுபோனால் போதும், அதில் படுத்தவன் எந்த நாட்டுக்காரன், ராத்திரி என்ன தின்றான், பக்கத்தில் படுத்திருந்தவள் அவன் பெண்டாட்டிதானா என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். அவர் வீட்டுக்குள் ஈ வந்தால்கூட வாசலில் காலைத் துடைத்துக்கொண்டுதான் வரும் என்று அவர் ஊரான ஆன்ஸ் எத்வால் முழுக்கப் பேச்சு. கை குலுக்கினால், குலுக்கிய கையைத் தனியாகத் தூக்கிப் பிடித்தபடி குழாயடிவரை நடப்பார். தேவாலயப் பூசையில் சமாதானம் சொல்லிக் கை நீட்டும் நேரம் பார்த்து அவருக்குத் தவறாமல் இருமல் வரும்.

அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் மிர்னா, போயும் போயும் பெர்தூ தீவில் ஆமை, பறவைகளைப் பாதுகாக்கிற காவலர் வேலைக்குச் சேர்ந்தாள். கப்பலேறினால் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கிடக்கிற தீவு. மனிதர்கள் ஒரு கைப்பிடி. ஆமைகளும் நண்டுகளும் பறவைகளும் கடற்கரை மணல்போல. அங்கே இருக்கிற ஒவ்வொரு ஜீவனும் எதன் மேலாவது எச்சமிட்டுக்கொண்டிருக்கும், இல்லையென்றால் எதன் எச்சத்தையாவது தின்றுகொண்டிருக்கும் என்பது கொன்ஸாக்கின் முடிவு. போய்ப் பார்க்காமலே எடுத்த முடிவுதான். ஆனாலும் பெரிதாகத் தப்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். சாப்பாட்டு நேரம். கொன்ஸாக்கின் மனைவி அந்தோனின், அவளுடைய அண்ணன் ஃப்ளாவியன், கொன்ஸாக், மூவரும் மேசையில். ஃப்ளாவியன் வரும்போதே ஒரு சட்டி வௌவால் கறியோடு வந்திருந்தான். இறக்கை எலும்பை ஒவ்வொன்றாக உறிஞ்சி, உறிஞ்சியதை மேசைவிரிப்பின் ஓரத்தில், ஆமாம், வெள்ளை மேசைவிரிப்பின் ஓரத்தில், அடுக்கிக்கொண்டிருந்தான். கொன்ஸாக் கண்ணை மூடிக்கொண்டு பருப்பை விழுங்கிக்கொண்டிருந்தார்.

அந்தோனின் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தொலைபேசியை மேசை நடுவில் வைத்தாள். முதலில் ஆயிரம் பறவைகள் கத்தின. பிறகுதான் மகளின் குரல் வந்தது.

"அப்பா, அம்மா, எனக்குக் கல்யாணம்! ஜெர்வேன்னு பேரு. பிராலென் தீவுப் பையன். இங்கயே, தீவுலயே வெச்சுக்கலாம்னு இருக்கோம். பாதர் நார்சிஸ் அடுத்த கப்பல்ல வர்றாரு."

அந்தோனின் அழுதாள், சிரித்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள். கொன்ஸாக் தொண்டையைச் செருமினார்.

"பையன் என்ன வேலை பாக்குறான்?"

மிர்னா குரலைக் கொஞ்சம் இறக்கினாள்.

"ஆராய்ச்சிப்பா."

"என்ன ஆராய்ச்சி?"

"ஆமைங்க என்னென்ன விதை தின்னுது, அதெல்லாம் எங்கெங்க போய் முளைக்குதுன்னு."

"ஆமை என்ன தின்னுச்சுன்னு இவனுக்கு எப்படித் தெரியும்?"

"பின்னாடியே போவான்பா."

"பின்னாடி போயி?"

"எடுத்துப் பாப்பான்."

"எதை?"

ஃப்ளாவியன் வாயிலிருந்து எலும்பை எடுத்தான். "சாணத்தைத்தான் மச்சான்! வேற எதை? உன் மாப்பிள்ளை ஆமைக்குப் பின்னாடி கூடை ஏந்திக்கிட்டுப் போறவரு!"

கொன்ஸாக் கரண்டியைக் கீழே வைத்தார். பருப்பின் நிறத்தைப் பார்த்தார். தட்டைத் தள்ளி வைத்தார். மகளின் விரலில் மோதிரம் மாட்டப்போகிற விரல்கள் எதையெல்லாம் பிசைந்து, உடைத்து, மோந்து பார்த்திருக்கும் என்று மனம் தானாகவே விரித்துக்கொண்டே போனது. அவருடைய மனம் இந்த மாதிரி விஷயங்களில் அரைகுறையாக நிற்காது.

"அப்பா, இருக்கீங்களா?" என்றாள் மிர்னா. "வீட்டாளுங்களுக்குக் கப்பல்ல ரெண்டு இடம் குடுத்திருக்காங்க. அம்மா கண்டிப்பா வருவாங்க. நீங்க..." அவள் நிறுத்தினாள். "உங்களால முடியலன்னா பரவால்லப்பா. எனக்குத் தெரியும். மாமா வரட்டும். மாமாவே என் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு ரெண்டு கத்தியிருப்பார். அவள் கோபப்படவில்லை. ஏற்கெனவே யோசித்து, அழுது, அழுததைத் துடைத்து முடித்துவிட்ட குரலில் சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஃப்ளாவியன், எண்ணெய் வழிகிற விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இப்போதே மணப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறவன் மாதிரி முதுகை நிமிர்த்தினான். அந்த விரல்கள். அந்தச் சட்டை.

"நான் வர்றேன்," என்றார் கொன்ஸாக்.

பறவைகள்கூட ஒரு கணம் வாயை மூடின என்று அந்தோனின் பிற்பாடு சத்தியம் செய்வாள்.

"நெஜமாவா?" என்றாள் மிர்னா. "அப்ப ஒண்ணு. கப்பலேறுறதுக்கு முன்னாடி பையெல்லாம் சோதிப்பாங்க. விதி எல்லாம் அனுப்புறேன், முழுசா படிங்க."

விதி வந்தது. முதல் வரியே, 'எல்லா உடைமைகளையும் நன்கு சுத்தம் செய்து கொண்டு வரவும்.' கொன்ஸாக்குக்கு முகம் சிவந்துவிட்டது.

"எனக்கா சொல்றாங்க? கொன்ஸாக் லாபிஷுக்கா?" அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. அது அவருக்கு மரியாதைக் குறைவு.

அன்றிலிருந்து பயண ஏற்பாடு தொடங்கியது. படையெடுப்புக்குக்கூட இப்படி ஏற்பாடு நடந்திருக்காது. தனக்கென்று தனிப் படுக்கைவிரிப்பு, தனித் தட்டு, தனிக் குவளை, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் டப்பாக்கள். கழிப்பறை இருக்கையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாமா என்று ஒரு நாள் முழுக்க அளந்துகொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்குப் போறியா, கக்கூஸ் திறப்பு விழாவுக்கா?" என்று அந்தோனின் அதைப் பிடுங்கித் திரும்ப மாட்டினாள்.

ஃப்ளாவியன் தினமும் சாயங்காலம் வந்தான். இளவயசில் வெளித்தீவுகளில் கொப்பரை வெட்டப் போனவன், பறவை முட்டை பொறுக்கப் போனவன். போகிற இடமெல்லாம் உப்புக்கண்டத்தின் வீச்சம் அவனுக்கு முன்னால் போய்க் கதவைத் தட்டும். பயணத்துக்கு உதவி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவன் உட்காருவான். உதவி இப்படி இருக்கும்:

"மச்சான், ராத்திரி செருப்பை வெளிய விட்றாத. தென்னை நண்டு தூக்கிட்டுப் போயிடும். உள்ளயும் விடாத. உள்ள விட்டா அது உள்ள வரும். ஒரு தடவை எனக்கு முழிப்பு வந்து பாத்தா, நெஞ்சு மேல ஒண்ணு உக்காந்திருக்கு. இந்தச் சட்டி பெருசு. என் மீசையில ஒட்டியிருந்த மீன் துணுக்கைப் பொறுக்கித் தின்னுட்டிருக்கு. ரொம்ப நாசூக்காத்தான் தின்னுச்சு, குறை சொல்லக்கூடாது."

"சீ."

"தொப்பி போட்டுக்க. மேல பறவைங்க. அதுங்க பண்றது மழை மாதிரி விழும். அண்ணாந்து பாத்து வாயைத் தொறந்து 'ஆஹா'ன்னு மட்டும் சொல்லிடாத. எங்ககூட வந்த ஒருத்தன் சொன்னான்."

"என்ன ஆச்சு?"

"அப்புறம் அவன் 'ஆஹா'ன்னே சொன்னதில்ல."

"ச்சை! எழுந்து போடா!"

"தண்ணித் தொட்டியில பல்லி மிதக்கும். அதைத் தள்ளிட்டுக் குடிக்கணும். முழு பல்லியா இருந்தா நல்லது. பாதி பல்லின்னாத்தான் யோசிக்கணும்."

கொன்ஸாக் எழுந்து கொல்லைப்புறம் ஓடினார். அவர் ஓங்கரிக்கிற சத்தம் மேசைவரை கேட்டது. அந்தோனின் அண்ணனை முறைத்தாள்.

"ஏண்ணே, அந்த மனுஷனை வாட்டுற?"

"இங்கேயே இந்தப் பாடு படுறான். அங்க போய்ப் பொண்ணு கவுன் மேல வாந்தி எடுத்தா நல்லா இருக்குமா? நானே போறேன் அந்து. எனக்கு எதுவும் குமட்டாது. இத்தனை வருஷமா என்கூடவே நான்தானே இருக்கேன்."

கொல்லையிலிருந்து வாயைக் கழுவிக்கொண்டு வந்த கொன்ஸாக்கின் காதில் அது விழுந்தது. அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவரை வாட்டியது. தேவாலயமாகக் கட்டிய ஓலைக்கொட்டகையில், எல்லோரும் எழுந்து நிற்க, மகளுக்குப் பக்கத்தில் தான் நிற்பதாகக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். உடனே நண்டு ஒன்று நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தது. வயிறு புரண்டது. மகளைக் கூட்டிக்கொண்டு போகிற இடத்தில் ஃப்ளாவியனை நிறுத்திப் பார்த்தார். அப்போதும் புரண்டது, ஆனால் வேறு இடத்தில்.

"பழகிக்கிறேன்," என்றார். "எங்க போய்ப் பழகணும், சொல்லு."

ஃப்ளாவியன் யோசிக்கவே இல்லை. "மீன் சந்தை."

தலைநகர் விக்டோரியாவின் சந்தையில் மீன் வெட்டுகிற மேடைமேல் மதாம் பாத்தோன்கள் உலாத்தும். வெள்ளைக் கொக்குகள்தான். ஆனால் சீமாட்டி மாதிரி பாவாடையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் மதாம் போட்டுத்தான் கூப்பிட வரும். நடை சீமாட்டி. வாய், குடல் பொறுக்கி. பின்பக்கம்? அதைச் சொல்லவே வேண்டாம். கொன்ஸாக் வெள்ளைச் சட்டையில் போய் மேடைக்கு அருகே நின்றார். வெட்டுபவன் ஒரு சூரை மீனின் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருந்ததை வழித்து வீசினான். அது பறந்து வந்து கொன்ஸாக்கின் காலணியில் உட்கார்ந்தது. ஒரு மதாம் இறங்கி வந்து, அவர் காலணியின் மேலேயே அதைக் கொத்தி, இழுத்து, நீளமாக்கி, கழுத்தைத் தூக்கி விழுங்கியது. மேலே தகரத்தில் இருந்த இன்னொரு மதாம், விருந்து கண்ட பூரிப்பில், தன் பங்கை அவர் தோளில் போட்டது. சூடாக இருந்தது. அந்தச் சூட்டை அவர் சாகிறவரை மறக்கமாட்டார்.

ஆனால் ஓடவில்லை. ஓங்கரிப்பு தொண்டைவரை வந்தது, வந்த வழியே திரும்பிப் போனது. கண்ணில் நீர் வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, மீன்காரர்கள் எல்லாம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க, சந்தை மூடுகிறவரை நின்றார் என்று சொல்கிறார்கள். அவ்வளவு இருக்காது. ஆனால் நின்றார்.

வீட்டுக்கு வந்து மூன்று முறை குளித்துவிட்டு, "பாத்தியா?" என்றார் மனைவியிடம். "மனசு வெச்சா முடியும்."

"முடியும் முடியும்," என்றாள் அந்தோனின். சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று போட்டிருந்த பனியனைக் கொன்ஸாக் கொதிநீரில் துவைத்துத் தனியாக எடுத்து வைத்தார். அதைப் போட்டால் தனக்கு வயிறு திடமாக இருப்பதாக ஒரு எண்ணம்.

பை கட்டியதோ ஒரு பெருங்கலை. கல்யாணக் கோட்டு, மடிப்பு கலையாத சட்டைகள், கஞ்சி போட்ட கைக்குட்டைகள். ஒவ்வொரு மடிப்புக்கு இடையிலும் ஒரு கொத்து வெட்டிவேர். வெட்டிவேருக்கு எங்கள் கிரியோல் பேச்சிலும் வெட்டிவேர்தான். அது இல்லாமல் அலமாரி வைத்திருப்பவளை ஊரில் யாரும் மதிப்பதில்லை. கொன்ஸாக் மலைமேல் ஆளனுப்பி, அன்றைக்குத் தோண்டிய வேராக, வாசனை குறையாமல் இருக்கத் தண்ணீரில் அலசாமல், அப்படியே வாங்கி வரச் செய்தார். உலகத்திலேயே மண் ஒட்டியிருந்தாலும் அவருக்கு அருவருக்காத ஒரே பொருள் அதுதான். பையை மூடும்போது ஒரு தடவை மோந்து பார்த்தார். சொர்க்கத்தில் துணி துவைத்தால் இப்படித்தான் மணக்கும் என்று பட்டது.

கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள் துறைமுகத்தில் சோதனை. தகரக் கொட்டகை, வெள்ளை மேசை, வெள்ளை விளக்கு. தீவைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அனுப்பிய ரோஸ்மே என்ற அதிகாரி, கையுறை மாட்டிக்கொண்டு, இடுக்கியும் பூதக்கண்ணாடியுமாக நின்றாள். அந்த வெண்மையைப் பார்த்ததும் கொன்ஸாக்குக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் இனத்தைச் சேர்ந்த ஒருத்தியைக் கடைசியில் பார்த்துவிட்டார்.

"விதை, பூச்சி, மண்ணு, எது போனாலும் அந்தத் தீவு கெட்டுடும்," என்றாள் ரோஸ்மே. "ஒரு எறும்பு போதும், பறவைக் குஞ்சையெல்லாம் முடிச்சிடும். அதனால யார் பைன்னும் பாக்க மாட்டேன்."

"பாக்கவே கூடாது," என்றார் கொன்ஸாக் பெருமையோடு.

அந்தோனினின் பை தேறியது. ஒருவேளை இடம் காலியானால் என்று கூடவே வந்திருந்த ஃப்ளாவியன் தன் பையையும் மேசைமேல் போட்டான். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ரெண்டு உள்ளாடை, ஒரு சட்டை, ஒரு கால்சட்டை. துவைக்கிற வழக்கமே இல்லாததால் எல்லாம் புதிது.

"சுத்தம்," என்றாள் ரோஸ்மே.

கொன்ஸாக்கின் வாழ்நாளில் அந்தச் சொல்லை ஃப்ளாவியனுக்குப் பக்கத்தில் யாரும் வைத்ததில்லை.

பிறகு அவருடைய பை. ரோஸ்மே திறந்தாள். வாசனை எழும்பியது. அவள் முகம் மலரவில்லை. வெளுத்தது.

"என்ன இது?"

"வெட்டிவேர்மா. துணிக்கு."

அவள் ஒரு கொத்தை இடுக்கியால் தூக்கி வெள்ளைத் தாளின்மேல் உதறினாள். செம்மண் உதிர்ந்தது. உதிர்ந்த மண் நடக்க ஆரம்பித்தது. பூரான் குஞ்சு ஒன்று நெளிந்தது. கொழகொழவென்று ஒரு நத்தை, தன் கோடு ஒன்றைத் தாளில் இழுத்துக்கொண்டு போனது. கல்யாணக் கோட்டின் மார்புப் பையிலிருந்து பட்டாணி போல ரெண்டு பல்லி முட்டை உருண்டு வந்தது. ஒன்று ஏற்கெனவே பொரிந்திருந்தது. பொரிந்தவர் கோட்டுக்குள்தான் எங்கோ இருக்கிறார்.

கொன்ஸாக் அசையவில்லை. ஊரார் படுக்கையெல்லாம் மோந்து மோந்து குற்றம் கண்டுபிடித்த மூக்கு, தன் கோட்டுக்குள் ஒரு குடும்பமே குடித்தனம் நடத்துவதைக் கண்டுபிடிக்கவில்லை. தோல் முழுக்க ஊர்ந்தது. "சீ," என்றார். முதல் தடவையாக அந்தச் சீ அவரையே பார்த்து வந்தது.

"மச்சான்," என்றான் ஃப்ளாவியன் தழுதழுத்த குரலில், "இத்தனை ஜீவன்களோட தீவுக்குப் போறதுக்கு, நோவாவுக்கே பெரிய படகு தேவைப்பட்டுச்சு."

ரோஸ்மே நிறுத்தவில்லை. ஒவ்வொரு துணியின் ஓரத்தையும் விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். பனியனில் நின்றாள். சந்தைக்குப் போட்ட அந்தப் பனியன். அடி மடிப்பைக் கத்தரியால் பிரித்தாள். உள்ளே சிவப்புத் துணியில் சுருட்டித் தைத்த ஒரு சின்னப் பொட்டலம்.

அதைப் பார்த்தால் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தாயத்து. கிரிகிரிக்காரன் என்கிற மந்திரவாதி கட்டிக் கொடுப்பது. தினமும் பூசைக்குப் போகிற அந்தோனின் ஜெபமாலையைத் தேடிக் கைப்பைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"அந்தோனின்?" என்றார் கொன்ஸாக்.

"உன் குமட்டல் நிக்கணும்னுதான்யா," என்றாள் அவள் கைப்பைக்குள்ளிருந்து. "பொண்ணு முன்னாடி நீ அசிங்கப்படக்கூடாதுன்னு. பெரிய ஆளுகிட்டதான் போனேன். வேலையும் செஞ்சுச்சு இல்ல? சந்தையில நின்னியே!"

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"அதைக் கேக்காத."

"என்ன இருக்கு?"

ரோஸ்மே பிரித்தாள். சில விதைகள். உலர்ந்த இலை. ஒரு கொத்து முடி, எந்த மிருகத்துடையது என்று சொல்ல முடியாது. பிசின்போல ஏதோ ஒன்று, சற்றே ஈரமாக. "வௌவாலோட..." என்று அந்தோனின் ஆரம்பித்தாள்.

கொன்ஸாக் கொட்டகைக்கு வெளியே ஓடினார். அவ்வளவு நாளும் அடக்கி வைத்தது, சந்தையில் திருப்பி அனுப்பியது, எல்லாம் ஒட்டுமொத்தமாக வந்தது. தாயத்தைப் பனியனிலிருந்து எடுத்தாயிற்று. இனி அவருக்கு இருப்பது அவருடைய சொந்த வயிறு மட்டும்.

திரும்பி வந்தபோது ரோஸ்மே பையை மூடி முத்திரை ஒட்டியிருந்தாள். "இது எதுவும் போகாது. உறைபெட்டியில வெச்சுப் பூச்சியெல்லாம் செத்தப்புறம் எடுக்கணும்னா கப்பல் போயிடும். நீங்க போட்டிருக்கிறதும் இதுகூடவே இருந்த துணிதான், அதுவும் கூடாது. வழி ஒண்ணுதான் இருக்கு." மூலையிலிருந்த அலமாரியைக் காட்டினாள். "தீவுல வேலை செஞ்சவங்க விட்டுட்டுப் போன துணி. அவசரத்துக்கு யாராவது போட்டுக்குவாங்க. சோதிச்சு வெச்சது. வேண்டாம்னா இவரு போகட்டும்."

இவரு ஏற்கெனவே பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். "நீ வீட்டுக்குப் போ மச்சான். நல்லா ஒரு வாரம் குளி. பொண்ணை நான் பாத்துக்கிறேன். ஒத்திகைகூடப் பாத்துட்டேன்." கொட்டகைக்குள்ளேயே முழங்கையை வளைத்து, தலையை நிமிர்த்தி, ரெண்டு அடி கம்பீரமாக நடந்து காட்டினான். நன்றாகத்தான் நடந்தான்.

கொன்ஸாக் அலமாரிக்குப் போனார். யார் யாரோ போட்டு, வேர்த்து, சொறிந்து, கழற்றிய துணிகள். ஒரு சட்டையில் அக்குள் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் வரைபடம். பல பேர் கால் வைத்து வைத்துக் கறுத்துப்போன ரப்பர் செருப்பு, உள்ளே ஐந்து விரலின் பள்ளம் தெளிவாக, யாரோ இன்னும் நின்றுகொண்டிருப்பது மாதிரி. அவர் இடுப்புக்குச் சேருகிற கால்சட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முழங்காலில் கரும்பச்சையாக, பெரிதாக, வட்டமாகக் கறை. இடுப்புப் பட்டையின் உட்புறம் மையால் எழுதியிருந்தது: ஜெர்வே.

"சாணம் எடுக்கிறவரோடது," என்றாள் ரோஸ்மே. "துவைச்சதுதான். கறை மட்டும் போகல."

கொன்ஸாக் அதை மூக்கருகே கொண்டுபோனார். தொழில் பழக்கம், தடுக்க முடியவில்லை. புல், புளித்த பழம், ஊறின இலை, ஆமையின் நெடுநாள் குடல். மண்டியிட்டு உட்கார்ந்து வேலை செய்கிறவன். ரெண்டு முழங்காலிலும் ஒரே ஆழத்துக்குத் தேய்ந்திருக்கிறது. கையைத் துணியில் துடைக்கிற பழக்கம் இல்லை, தொடைப் பக்கம் சுத்தமாக இருக்கிறது. இடது பையில் இனிப்பு மிட்டாயின் வாசனை. மிர்னா சின்ன வயதிலிருந்து தின்கிற எலுமிச்சை மிட்டாய். அவளுக்காகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறான்.

கால்சட்டையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். மிட்டாய் வைத்துக்கொண்டால் சாணம் சாணமில்லாமல் போய்விடுமா என்ன?

"இதைச் சூடான தண்ணியில போட்டிருக்காங்க, முட்டாப்பயலுங்க," என்றார். "பச்சைத் தண்ணியில ஊறப்போடணும். சூடு பட்டா கறை செத்தாலும் போகாது." திரைக்குப் பின்னால் போனார்.

உள்ளிருந்து வந்த சத்தங்களை எழுதுவது முறையல்ல. ஓங்கரிப்பு, பெருமூச்சு, மாதாவை ஒரு தடவை, ஃப்ளாவியனின் முன்னோர்களைப் பல தடவை. பிறகு திரை விலகியது. தொடையில் இறுக்கி, முழங்காலில் பச்சை வட்டத்தோடு, மஞ்சள் வரைபடச் சட்டையில், அன்னியன் ஒருவனின் விரல் பள்ளங்களுக்குள் தன் விரல்களைப் பொருத்தி, கைகளை உடம்பில் படாமல் விரித்துப் பிடித்தபடி, பிடிக்காத குளத்தில் தள்ளிவிட்ட பூனை மாதிரி நின்றார் கொன்ஸாக் லாபிஷ்.

அந்தோனின் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃப்ளாவியனுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

"இதுலயா மச்சான், பொண்ணைக் கூட்டிட்டுப் போவ?"

"இதுலதான்."

"எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். பையைக் கீழ எறக்கு. உன் தோள்ல இருக்கிறதைப் பாத்தா எனக்கு எரிச்சலா இருக்கு."

ஃப்ளாவியன் இறக்கினான். கொஞ்சம் நின்று, தன் புதுச் சட்டையை உறையோடு நீட்டினான். "இதையாவது எடுத்துக்க. மேல போட்டுக்க. யாரும் தொடாதது."

கொன்ஸாக் அதைப் பார்த்தார். ஃப்ளாவியனின் விரல்களைப் பார்த்தார். "உறையைப் பிரிக்காம ரோஸ்மேகிட்டயே குடு. அவங்க கையுறையோட எடுத்து எனக்குத் தரட்டும்," என்றார்.

மறுநாள் விடிந்ததும் கப்பல் கிளம்பியது. துறைமுகத்தைத் தாண்டியதும் கடல் தன் வேலையைக் காட்டியது. டீசல் வாடையும் பழைய மீன் வாடையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதித்தன. அந்தோனின் கீழே போய்ச் சுருண்டுவிட்டாள். மாலுமி ஒருவன் மேல்தளத்தில் வாளிகளைக் கொடுத்துக்கொண்டு வந்தான்.

"இது கழுவினதா?" என்றார் கொன்ஸாக்.

"போன பயணத்துக்கு முன்னாடி கழுவினது, பெரியவரே."

அடியில் ஏதோ உலர்ந்து ஒட்டியிருந்தது. அதில் அரிசி தெரிந்தது. கொன்ஸாக் "சீ" என்றார், வாளியை மடியில் வைத்து ரெண்டு கையாலும் கட்டிக்கொண்டார், உடனே அதற்கு வேலை கொடுத்தார். பக்கத்தில் பாதர் நார்சிஸ், அங்கி அலங்கோலமாக, தன் வாளிக்குள் தலையை விட்டபடி கடவுளிடம் ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தார். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

"சாமி," என்றார் கொன்ஸாக், வாயோரத்தில் வழிந்ததோடு. "ஒரு சந்தேகம். பொண்ணைக் கூட்டிட்டு வர்றப்ப எந்தக் கையால புடிச்சுக்கணும்? வலதா, இடதா?"

பாதர் தலையைத் தூக்கினார். முகம் பச்சைப் பப்பாளி நிறத்தில் இருந்தது.

"எந்தக் கை சுத்தமா இருக்கோ, அந்தக் கை," என்றுவிட்டு மறுபடி உள்ளே போனார்.

கொன்ஸாக் தன் ரெண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். வலதைப் பார்த்தார். இடதைப் பார்த்தார். பிறகு, குமட்டிக்கொண்டே, வலது கையை மாப்பிள்ளையின் கால்சட்டையில் அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.